மூடி திறந்தே இருக்கும் பெட்டி

இன்று மதியம் திடீரென்று மழை வந்தது. பால்கனியில் காயவைத்திருந்த உன் தெர்மாகோல் பெட்டியை அவசரமாக உள்ளே எடுத்து வந்து கூடத்தில் வைத்தேன். மூடியைத் திறந்தபோது இரண்டு வாடைகள் வந்தன. ஒன்று மீன் வாடை. புளித்தண்ணீர் விட்டு எத்தனை முறை கழுவினாலும் அது போகாது என்று எனக்கும் என் மனைவிக்கும் எப்போதோ தெரிந்துவிட்டது. இன்னொன்று பீடி வாடை. நான் பீடி பிடித்தவன் இல்லை. நீ பிடித்தாய். ஆனால் இது உன் பீடியும் இல்லை. இந்தப் பெட்டிக்குள் பீடிப்புகை எப்படி வந்தது என்பதை உன்னிடம் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். இப்போதும் முழு நிச்சயத்தோடு எழுதவில்லை.

தொலைக்காட்சியில் வானிலைச் செய்தி போய்க்கொண்டிருந்தது. வெப்பச்சலனம் காரணமாக வட தமிழகக் கடலோரப் பகுதிகளில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று ஒரு பெண் வாசித்தாள். என் கண் தானாகக் கைப்பேசியின் பக்கம் போனது. அந்த வார்த்தை செய்தியில் வந்த நாட்களில் உன்னிடமிருந்து அழைப்பு வரும். "இன்னா வாத்யாரே, உன் ஆளு இன்னிக்கி வரானாமே?" என்பாய். உன் அகராதியில் என் ஆள் என்றால் வெப்பச்சலனம். அதற்கு அப்படி ஒரு பெயர் வைத்தவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் இருப்பாய்.

ராயபுரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நீ பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு உன் நைனாவின் படகுக்குப் போனாய். நான் கல்லூரிக்குப் போய், திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியரானேன். நீ சொந்தமாக விசைப்படகு வாங்கிய பிறகும் என்னை ஒருமுறைகூட அதில் ஏற்ற உன்னால் முடியவில்லை. கரையோரம் கட்டிக் கிடக்கும்போதுகூட நான் ஏறமாட்டேன். பலகையில் கால் வைத்தால் அசையும், உடனே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். "தரைக்குன்னே பொறந்தவன்டா நீ" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக மீனை என் வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தாய். டோல்கேட் பகுதியில் என் தெருமுனை வரைக்கும் யாராவது ஒரு வேன்காரர் கையில் இந்தப் பெட்டி வரும். உள்ளே சங்கராவோ வவ்வாலோ, மேலே நொறுக்கிய ஐஸ். பெட்டியைத் திருப்பி அனுப்பினால் அடுத்த வாரம் மறுபடி நிரம்பி வரும். கடைசியாக வந்ததைத் திருப்பி அனுப்ப நேரமில்லாமல் போய்விட்டது.

நான் ஓய்வு பெற்ற பிறகு சாயங்கால வேளைகளில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அந்தக் கருங்கல் கரைமேல் உட்காருவோம். ஒருநாள் கடல்காற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் வகுப்பு எடுப்பதுபோலத் தொடங்கினேன். பகலில் தரை சீக்கிரம் சூடாகிவிடுகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகிறது, தரைமேல் இருக்கும் காற்று சூடாகி மேலே போகிறது, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். நீ பீடியை வாயிலிருந்து எடுத்தாய்.

"காத்து எங்கேர்ந்து வருதுன்னு எங்க நைனாவுக்கே தெரியும். சூடானா அது ஏன் மேல போவணும்? அத்தச் சொல்லு."

பள்ளியில் எந்தப் பிள்ளையும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பாடப்புத்தகத்தில் மேலே போகும் என்று இருக்கும், அவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள். நான் கொஞ்சம் தடுமாறித்தான் பதில் சொன்னேன். சூடான காற்று விரிகிறது. விரிந்ததால் பக்கத்தில் இருக்கும் காற்றைவிட லேசாகிவிடுகிறது. கனத்த குளிர்காற்று அதன் அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடுகிறது. மேலே போனது அங்கே ஆறி, கனத்து, மறுபடி கீழே இறங்குகிறது. உலைப்பானையில் தண்ணீர் சுற்றுவதும் இப்படித்தான். அடியில் சூடான தண்ணீர் அந்தச் சூட்டைத் தானே சுமந்துகொண்டு மேலே போகிறது, மேலே இருந்தது கீழே வந்து தன் பங்கை வாங்கிக்கொள்கிறது. நீர்மத்திலும் காற்றிலும் சூடு பெரும்பாலும் இப்படி ஓடியாடித்தான் பரவுகிறது. இதற்குத்தான் வெப்பச்சலனம் என்று பெயர்.

"செய்தில சொல்றானே, அதுவா?"

அதுவேதான் என்றேன். தரை சூடாகி, ஈரக்காற்று மளமளவென்று மேலே ஏறி, அங்கே குளிர்ந்து மழையாகிவிடுகிறது. பிறகு கேட்டாய்.

"சரி. அடுப்ப பானைக்கு மேல வெச்சா?"

மேலே வைத்தால் ஒன்றும் நடக்காது என்றேன். சூடானது ஏற்கெனவே மேலே இருக்கிறது. குளிர்ந்தது ஏற்கெனவே கீழே இருக்கிறது. இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்துவிட்டால் எதுவும் அசையாது. மேல் தண்ணீர் கொதித்தாலும் அடியில் இருப்பது வெகுநேரம் குளிர்ந்தே கிடக்கும்.

"அப்போ உன் ஆளு சோம்பேறி. அடியில சுட்டாத்தான் எந்திரிப்பான்."

நாம் இருவரும் சிரித்தோம். அன்றுதான் அது என் ஆளானது. நாம் சிரித்தபோது நமக்குப் பின்னால் உன் படகு கட்டிக் கிடந்தது. தளத்துக்குக் கீழே ஐஸோடு மீனைப் போட்டு வைக்கும் அதன் மீன் அறையை நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நினைக்க வேண்டிய காரணம் எதுவும் அன்று இருக்கவில்லை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எதையும் வரிசையாக எழுதாவிட்டால் எனக்கு என்மேலேயே நம்பிக்கை வருவதில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் சும்மா கிடக்கும். தடை முடியும் தறுவாயில் வர்ணம் அடித்து, இயந்திரம் பார்த்து, மீன் அறையைச் சுத்தம் செய்வீர்கள். அறையின் அடிப்பலகைக்குக் கீழே பழைய ஐஸ் உருகிய தண்ணீரும், செதிலும், நசுங்கிய மீனும் சேறாகக் கிடக்கும். ஆள் இறங்கி வாளியில் அள்ள வேண்டும். அதற்கு உங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூடியைத் திறந்துபோட்டு, வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் இறங்குவீர்கள். வெயில் உள்ளே இருக்கும் நாற்றத்தை உறிஞ்சிவிடும் என்பது கணக்கு. வலையை வெயிலில் போட்டு வாடை போக்குகிறவர்களுக்கு, கருவாட்டை வெயிலில் காயவைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு, அதில் சந்தேகம் வர இடமில்லை. நீ என்னிடம் கேட்டிருந்தால் நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

போன வருடம் அப்படித்தான் மாரி முதலில் இறங்கினான். உன்னிடம் வெகுகாலமாக வேலை பார்த்தவன். மேலிருந்து கூப்பிட்டதற்கு அவனிடமிருந்து சத்தம் வரவில்லை. நீ கடலுக்குப் போவதை நிறுத்தி எவ்வளவோ காலமாகியிருந்தது. மூட்டுவலிக்கு முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு நடப்பவன் நீ. மற்றவர்கள் கயிறு தேடிக்கொண்டிருந்தபோதே ஏணியில் இறங்கிவிட்டாய் என்றார்கள். பிறகு மேலிருந்து விட்ட கயிற்றை மாரியின் இடுப்பில் கட்டி, மேலே இழுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாயாம். அவனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நீ சரிந்து கிடந்தாய். மாரி பிழைத்தான். நீ நெஞ்சு வலியில் போய்விட்டாய் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். உன் வயது, முன்பே இருந்த ரத்த அழுத்தம், அந்தப் பாரத்தைத் தாங்கியது எல்லாம் சேர்ந்து அதுவே நியாயமாகப் பட்டது. யாரும் அதற்கு மேலே கேட்கவில்லை.

உன் மனைவி வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடமும் சொன்னாள். "நெஞ்சு வலிதான்ணா. ஒரு நிமிசம்தான். அவஸ்தப்படாம போய்ட்டாரு." அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

உன் காரியத்தன்று பந்தல் ஓரத்தில் மாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் கேட்காமலேயே பேசினான். "மொதல்ல குப்புனு நாத்தம் சார். அப்பால திடீர்னு நாத்தமே இல்ல. சரி, வெயிலு இஸ்துகினு போய்ச்சின்னு நெனச்சிகினேன். அதுக்குள்ள காலு ரெண்டும் துவண்டுச்சி."

நாற்றமே இல்லை என்ற அந்த வார்த்தை எனக்குள் நின்றுவிட்டது. பிறகு வீட்டில் பழைய புத்தகங்களையும் புதியவற்றையும் எடுத்து வைத்துப் படித்தேன். மீனும் கழிவுத் தண்ணீரும் அழுகும்போது ஒரு நச்சுக்காற்று உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் முதலில் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். வாடை போய்விட்டது என்று மாரி நினைத்தபோது வாடை போகவில்லை, அவன் மூக்குதான் போயிருந்தது. அந்த நச்சுக்காற்று சாதாரணக் காற்றைவிடக் கொஞ்சம் கனமும்கூட.

அதற்குப் பிறகு மீன் அறையை ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்தேன். சுற்றிலும் வெப்பம் புகாத சுவர். அடியில் கடல்தண்ணீரின் குளிர்ச்சி. மேலே தளம், அதன்மேல் உச்சிவெயில். தளத்தை ஒட்டிய காற்று சூடாகி அங்கேயே நிற்கும். கீழே இருக்கும் குளிர்ந்த கெட்ட காற்று கீழேயே கிடக்கும். வெயில் ஏற ஏற இரண்டும் இன்னும் பிரிந்து நிற்குமே தவிரக் கலக்காது. அடுப்பைப் பானைக்கு மேலே வைத்தால் என்ன ஆகும் என்று நீ கேட்டிருந்தாய். நீ சொன்ன என் ஆள் அந்த அறையில் எழுந்திருக்கவே இல்லை.

ஆனால் இது என் ஊகம். நான் மருத்துவன் இல்லை. நச்சுக்காற்று மாரியைச் சாய்த்தது என்பது கிட்டத்தட்ட நிச்சயம். உன்னைக் கொண்டுபோனது அதுதானா, அல்லது அந்த நேரத்தில் உன் நெஞ்சேதானா என்பது எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாத ஒன்றைச் சொல்லி, அவஸ்தைப்படாமல் போனார் என்று தூங்கும் ஒருத்தியின் தூக்கத்தைக் கலைக்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். அதே நேரத்தில், இந்த வருடம் தடைக்காலம் முடியும்போது அதே அறையில் உன் மகன் சேகர் இறங்குவான் என்பதையும் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவனைப் பொறுத்தவரை அவன் நைனா நெஞ்சு வலியில் போனவர். மீன் அறையில் பயப்பட அவனுக்கு ஒன்றும் இல்லை.

மீன் அறை மூடியைத் திறந்து போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று காலை, உன் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போனேன். வழியில் ஐஸ் வாங்கி நிரப்பிக்கொண்டேன். எதற்காக நிரப்புகிறேன் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியாது. வெறும் கையோடு போகப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். ஏலக்கூடத்து நிழலில் சேகரும் மாரியும் உன் மைத்துனரும் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"வா சார், குந்து. மீனுக்கா பொட்டி எட்த்துகினு வந்த? தடை இன்னும் முடிலயே" என்றான் சேகர்.

மீனுக்கு இல்லை என்றேன். அறைக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்ல வந்ததாகச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். வரும்போது ஆட்டோவில் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போய்விட்டன. பாடப்புத்தகம் மட்டும்தான் வாயில் வந்தது.

"உள்ளே வெப்பச்சலனம் இல்லை" என்றேன்.

உன் மைத்துனர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். "மழ இல்லன்றாரு. நல்லதாப் போச்சு, பெயின்ட்டு காஞ்சிடும்" என்றார்.

அவர்கள் சிரித்ததில் ஏளனம் இல்லை. செய்தி கேட்கிறவர்களுக்கு அந்த வார்த்தை மழையைத் தவிர வேறு எதையும் சொல்லாது. ஆனால் எனக்கு முகம் எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். கனத்தது. குளிர்ச்சி வேட்டியைத் தாண்டித் தொடையில் ஏறியது. அடியில் சுட்டால்தான் எழுந்திருப்பான் என்று நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடியில் ஐஸ் இருந்தால்?

பெட்டியைச் சுவரோரம், காற்று படாத மூலையில் வைத்து மூடியைத் திறந்தேன். மாரியிடம் பீடியைப் பற்றவைத்து உள்ளே புகையை விடச் சொன்னேன்.

"வாத்யாரு பொட்டிக்கு பீடி குடுக்கச் சொல்றாரு" என்று சிரித்துக்கொண்டே மாரி குனிந்து, மெதுவாக, ஐஸின் மேல் ஊதினான். இன்னொரு முறையும் ஊதினான்.

புகை பெட்டிக்குள் படுத்துக்கொண்டது. ஐஸுக்கு மேல் வெள்ளையாக, தட்டையாகக் கிடந்தது. மூடி திறந்துதான் இருந்தது, வெளியே வரவில்லை. டீ வந்தது, குடித்தோம். அப்போதும் அது கிடந்தது. பிறகு பக்கத்துப் படகிலிருந்து ஒரு காலிப் பெட்டியை வாங்கி, டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு வெந்நீரை அதன் அடியில் வைத்து, அதிலும் ஊதச் சொன்னேன். அந்தப் புகை எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டு எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்து போய்விட்டது.

"ரெண்டும் ஒரே பீடி" என்றார் உன் மைத்துனர், தனக்குத்தானே.

சேகர் ஐஸ் பெட்டியைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பிப் படகின் மேல் திறந்து கிடந்த மூடியைப் பார்த்தான். அழுகலிலிருந்து வரும் நச்சுக்காற்றும் இப்படித்தான், வெயில் மேலே அடிக்க அடிக்க அடியில் இன்னும் இறுகிக் கிடக்கும் என்று நான் சொன்னேன். மாரி பீடியைத் தரையில் வைத்துத் தேய்த்தான்.

"அப்போ அன்னிக்கி வெயிலு இஸ்துகினு போவல, இல்ல சார்?" என்றான்.

அதற்குப் பிறகு வரும் என்று நான் ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. சேகர் என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அப்போ நைனா நெஞ்சு வலியில போவலயா?"

"தெரியலப்பா."

"தெரியலன்னா இப்ப ஏன் சார் வந்து சொல்ற?"

"நீ இறங்கப் போறியே."

அவன் எழுந்து போய்விட்டான். நான் அவனைக் காயப்படுத்திவிட்டேன், இனி என் முகத்தில் விழிக்கமாட்டான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, வெல்டிங் பட்டறையிலிருந்து காற்றை ஊதித் தள்ளும் ஒரு பெரிய காற்றாடியையும் நீண்ட துணிக்குழாயையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். குழாயின் வாய் அடிப்பலகை வரைக்கும் போக வேண்டும், மேலோடு நின்றால் பிரயோஜனம் இல்லை என்று மட்டும் நான் சொன்னேன். அதற்காகவே என் வாழ்க்கையில் முதல்முறையாக உன் படகில் ஏறினேன். குழாய் அடிவரைக்கும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பலகை அசைந்தது. மாரி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அன்று யாரும் இறங்கவில்லை. மறுநாளும் காற்றாடி ஊதிக்கொண்டே இருந்தது. காற்றை அளக்கும் கருவி வைத்திருக்கும் ஒருவரைச் சேகர் எங்கிருந்தோ அழைத்து வந்து பார்த்தான். கருவி ஒன்றும் காட்டவில்லை. அதன் பிறகு காற்றாடியை நிறுத்தாமல், இடுப்பில் கயிற்றோடு மாரி இறங்கி, வேலையை முடித்துவிட்டு ஏறி வந்தான். "ஒண்ணுமே இல்லையே சார், சும்மா பேஜாரு பண்ணிட்டியே" என்று பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் என்னைக் கிண்டல் செய்தார். ஊதிய பிறகு அளந்தால் ஒன்றும் காட்டாதுதான். அதற்காகத்தான் ஊதினோம். ஆனால் ஊதாமல் அளந்திருந்தால் எனக்கு ஒரு பதிலாவது கிடைத்திருக்கும். இருந்தது என்று தெரிந்திருந்தால் நான் சரி. இல்லை என்று தெரிந்திருந்தால் நான் உன் வீட்டில் வீணாக நெருப்பு வைத்தவன். இப்போது இரண்டில் எது என்று தெரியாமலே இருக்கிறேன். இதை முன்பே யோசித்திருக்க வேண்டிய ஆள் நான்தான்.

சேகர் வீட்டில் சொல்லிவிட்டான். நான் உன் மனைவியைப் பார்க்கப் போனேன். அவள் முறத்தில் நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நெஞ்சு வலின்னு நெனச்சிகினு படுத்தா தூக்கம் வந்துகினு இருந்துச்சிண்ணா. இப்ப கண்ண மூடினா அவரு அந்த ஏணியண்ட நிக்கறாரு. மேல வரப் பாக்கறாரு."

எனக்குத் தெரியாது, நிச்சயமில்லை, நெஞ்சு வலியாகவும் இருந்திருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ சொன்னது தப்பா இருந்தாகூட, சொன்னத திருப்பி எடுக்க முடியாதில்ல?" என்றாள்.

"முடியாதும்மா."

அவள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "இனிமே ஊதாம எறங்க மாட்டேன்னு புள்ள சொல்லிச்சி" என்றாள். அதை எனக்குச் சொன்னாளா, தனக்குச் சொல்லிக்கொண்டாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சலனம் என்ற சொல்லுக்கு மனக்கலக்கம் என்றும் பொருள் உண்டு. இத்தனை வருடம் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியும் எனக்கு அது உறைக்கவில்லை. உன் வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் அமைதியாக இருந்தது. நான் அடியில் சுட்டுவிட்டேன். சேகரின் உயிரை நினைத்தால் செய்தது சரி என்று படுகிறது. உன் மனைவி கண்ணை மூடினால் நீ ஏணியருகே நிற்கிறாய் என்பதை நினைத்தால் எதுவும் சரியாகப் படவில்லை. நீ இருந்தால் ஒரு வார்த்தையில் தீர்த்துவைத்திருப்பாய். ஆனால் நீ இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சேகரின் படகு இப்போது கடலில் இருக்கிறது. அந்தக் காற்றாடியை விலைக்கு வாங்கிப் படகிலேயே கட்டி வைத்திருப்பதாக மாரி சொன்னான். அன்று துறைமுகத்திலிருந்து கிளம்பும்போது ஐஸ் இருக்கிறதே என்று பெட்டியை மூடி எடுத்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து திறந்தபோது மாரியின் புகையில் கொஞ்சம் இன்னும் உள்ளே கிடந்தது. அதன் பிறகு ஐஸ் உருகிவிட்டது, தண்ணீரைக் கொட்டிவிட்டேன், பலமுறை கழுவிக் காயவைத்துவிட்டேன். இருந்தும் இன்று அந்த வாடை வந்தது.

மழை விட்டுவிட்டது. பெட்டி கூடத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். திறந்து வைத்தால் மட்டும் போய்விடாது என்று எனக்குத் தெரியும்.